கோதுமைக் கடன்

1954-ஆம் ஆண்டு அல்ஜீரியர்கள் பிரான்சுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியது ஏன் என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் நிலம், வறுமை, வாக்குரிமை, தேசிய உணர்வு என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒன்றும் தவறில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால், அங்கே இருப்பது ஒரு மளிகைப் பாக்கி.

1790-களில் பிரான்ஸ் தன் ராஜாவின் தலையை வாங்கிவிட்டு, அக்கம்பக்கத்து ராஜாக்கள் அத்தனை பேரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் தாராளமாகக் கிடைத்தன. ரொட்டிதான் கிடைக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அல்ஜியர்ஸ் கோதுமை கொடுத்தது. காசில்லாத புரட்சி என்று தெரிந்தும் கடனுக்குக் கொடுத்தது. பக்ரி, புஸ்னாக் என்ற இரண்டு வணிகக் குடும்பங்கள் நடுவில் நின்று வியாபாரம் பார்த்தன. புரட்சி போய் நெப்போலியன் வந்தார். அவருடைய படையும் சாப்பிட்டது. நெப்போலியன் போய்ப் பழைய ராஜ வம்சமே திரும்பி வந்தது. ஆள் மாற மாற, அது முந்தின நிர்வாகம் வாங்கியது என்று கையை விரிக்க வசதியாகப் போயிற்று. ஒருவழியாக 1820 வாக்கில் 70 லட்சம் பிராங்க் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பக்ரிக்கும் புஸ்னாக்குக்கும் கடன் கொடுத்த வேறு ஆட்கள் பிரான்சிலேயே வரிசையில் நின்றதால் பணம் அங்கேயே கரைந்தது. அல்ஜியர்ஸை ஆண்ட ஹுசைன் டேவுக்கு (‘டே’ என்பது பட்டம், விளிச்சொல் அல்ல) வந்து சேர்ந்தது பூஜ்யம்.

1827 ஏப்ரல் 29. பெருநாள் மரியாதைக்காக வந்த பிரெஞ்சுக் கான்சல் பியர் தெவாலிடம், தன் கடிதங்களுக்கு ஏன் பதிலே இல்லை என்று ஹுசைன் கேட்டார். உம்மைப் போன்றவருக்கெல்லாம் எங்கள் ராஜா பதில் எழுத மாட்டார் என்கிற தோரணையில் தெவால் ஏதோ சொல்ல, டே கையிலிருந்த ஈ விரட்டும் விசிறியால் அவரை அடித்தார். ஓங்கி மூன்று அடி என்றது பிரெஞ்சுத் தரப்பு. லேசாக இரண்டு மூன்று தட்டு என்றார் டே. அடி எத்தனை என்று இரண்டு தரப்பும் கவனமாக எண்ணின. பிராங்க் எத்தனை என்ற கேள்வி அன்றோடு காணாமல் போனது.

பிரான்ஸ் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. டே கேட்கவில்லை. துறைமுகத்தைக் கப்பல்களால் மூன்று வருடம் வளைத்துப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1830-இல் மன்னர் பத்தாம் சார்லஸுக்கு உள்ளூரில் செல்வாக்குச் சரிந்து, தேர்தல் வேறு நெருங்கியதும், மூன்று வருடத்துக்கு முன் விழுந்த அடி திடீரென்று வலிக்க ஆரம்பித்தது. சுமார் 37,000 வீரர்கள், 600-க்கும் மேற்பட்ட கப்பல்கள் புறப்பட்டன. ஜூன் 14-இல் சிடி ஃபெருஷ் கடற்கரையில் இறங்கினார்கள். ஜூலை 5-இல் அல்ஜியர்ஸ் சரணடைந்தது. உங்கள் மதத்திலும் சொத்திலும் வணிகத்திலும் கை வைக்க மாட்டோம் என்று தளபதி பூர்மோன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு கஜானாவைத் திறந்தார்கள். கணக்கில் வந்தது மட்டும் சுமார் 4 கோடியே 80 லட்சம் பிராங்க். படையெடுப்புச் செலவு முழுக்கத் தீர்ந்து மிச்சமும் இருந்தது. கணக்கில் வராதது எங்கே போனது என்று பிறகு ஒரு விசாரணையே நடந்தது. பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கியவன், திருப்பிக் கேட்டார்கள் என்ற கோபத்தில் அந்த வீட்டையே ஜப்தி செய்து, குதிரையும் காலி செய்த கதைதான். நெல் குதிரைச் சொல்கிறேன். லாயத்துக் குதிரைகளும் தப்பியிருக்காது.

சார்லஸுக்கு இந்த வெற்றி உதவவில்லை. அதே ஜூலைக் கடைசியில் பாரிஸ் மக்கள் அவரை விரட்டினார்கள். டே நேப்பிள்ஸுக்குப் போனார், ராஜா இங்கிலாந்துக்குப் போனார். சண்டை போட்ட இருவரும் ஊரைக் காலி செய்த பிறகும், சண்டை மட்டும் 132 வருடம் அங்கேயே தங்கிவிட்டது.

அமீர் அப்துல் காதிர் 1847 வரை எதிர்த்து நின்றார். 1845-இல் தாஹ்ரா மலைக் குகைகளில் ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் கர்னல் பெலிசியேயின் ஆட்கள் குகை வாசலில் தீ மூட்டிப் புகையாலேயே கொன்றார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெலிசியே பின்னாளில் மார்ஷலாகி, அதே அல்ஜீரியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1848-இல் பிரான்ஸ் ஒரு காரியம் செய்தது. அல்ஜீரியா காலனி அல்ல, பிரான்சேதான் என்று அரசியல் சட்டத்தில் எழுதியது. அல்ஜியர்ஸ், ஓரான், கான்ஸ்டன்டைன் என்று மூன்று மாவட்டங்கள். நடுவில் ஓடும் மத்தியதரைக் கடல் ஏதோ ஆறு என்பது போல. மண் பிரான்ஸ் ஆகிவிட்டது. மண்மேல் நின்ற மனிதன் என்ன ஆனான்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுத 17 வருடம் எடுத்துக்கொண்டு, 1865-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: அல்ஜீரிய முஸ்லிம் பிரெஞ்சுக்காரன்தான், ஆனால் குடிமகன் அல்ல. குடிமகன் ஆக வேண்டுமானால் திருமணம், வாரிசுரிமை எல்லாவற்றிலும் தன் மதச் சட்டத்தைக் கைவிட்டு மனுப் போட வேண்டும். ஊரில் மதத்தை விட்டவன் என்ற பெயர் வாங்கி, அதன்பிறகு அலுவலகத்தில் மனு தள்ளுபடியானால் இரண்டும் போயிற்று. அப்படி மாறியவர்கள் கடைசிவரை சில ஆயிரத்தைத் தாண்டவில்லை.

இதே காலத்தில் மால்டாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள், 1889-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அல்ஜீரியாவில் பிறந்த ஒரே தகுதியில் பிரெஞ்சுக் குடிமக்கள் ஆனார்கள். அதே தெருவில், நூறு தலைமுறையாகப் பிறந்து வந்த அகமதுவுக்கு அந்தத் தகுதி போதவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விவகாரம் பரிச்சயமாக இருக்கும். அங்கேயும் 1881-இல் இதுபோல் ஓர் ஆணை வந்தது. சொந்தச் சட்டத்தைக் கைவிட்டவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்தார்கள். ரெனோன்சான் குடும்பங்கள் என்று இன்றும் சொல்கிறோமே, அவர்கள்தான். ஆனால் புதுச்சேரித் தமிழனுக்கு எதையும் கைவிடாமலே ஓட்டு இருந்தது. (அதைப் போட விட்டார்களா என்பது புதுச்சேரித் தேர்தல் வரலாறு, அது தனி நகைச்சுவை.) அல்ஜீரியனுக்கு அந்தச் சலுகை இல்லை. குடும்பப் பெயர் மட்டும் 1882-க்குப் பிறகு கேட்காமலே கிடைத்தது: எழுத வந்த குமாஸ்தாக்களில் சிலர் கேலிப் பெயர்களையும் வசைகளையுமே பதிவேட்டில் ஏற்றிவிட்டுப் போனார்கள். பேரப்பிள்ளைகள் அதைச் சுமந்து திரிந்தார்கள்.

குடிமகன் அல்லாத பிரெஞ்சுக்காரனுக்கென்று 1881-இல் தனித் தண்டனைப் பட்டியலும் வந்தது. அதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசினால் குற்றம், அனுமதிச் சீட்டில்லாமல் ஊர் விட்டு ஊர் போனால் குற்றம். நீதிபதி வேண்டாம், நிர்வாக அதிகாரியே தண்டிக்கலாம். மனித உரிமைப் பிரகடனம் எழுதிய நாடு இது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்கு வருவோம். போரில் பிடுங்கியது ஒரு பகுதி. 1871-இல் மொக்ரானி என்ற தலைவரின் கலகத்தை அடக்கிவிட்டு அபராதமாக எடுத்தது இன்னொரு பகுதி. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி, ஏனென்றால் அதில் துப்பாக்கியே இல்லை. அல்ஜீரிய நிலம் பெரும்பாலும் பங்காளிகளின் பொதுச் சொத்து. பிரிக்காமல் சேர்ந்து உழுவார்கள். 1873-ஆம் ஆண்டு வார்னியே சட்டம் அதைப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அந்தச் சட்டப்படி யாரையும் கூட்டுச் சொத்தில் கட்டிவைக்க முடியாது. ஊரில் பணமுடையில் இருக்கும் ஒரு பங்காளியைப் பிடித்து அவனுடைய துக்கடாப் பங்கை வாங்கு. கோர்ட்டுக்குப் போய்ப் பாகப்பிரிவினை கேள். பிரிக்க முடியாத சொத்து என்று மொத்தமும் ஏலத்துக்கு வரும். ஏலத்தில் நீயே எடு. வழக்குச் செலவு மற்ற பங்காளிகள் தலையில். கடைசிப் பங்காளிக்கு விஷயம் புரிவதற்குள் அவன் தன் நிலத்திலேயே கூலியாள் ஆகியிருப்பான். 1950-களில் ஐரோப்பியர் கையில் இருந்தது சுமார் 27 லட்சம் ஹெக்டேர், பெரும்பாலும் நல்ல சமவெளி. மற்றவர்களுக்கு மலையும் கல்லும்.

எடுத்த நிலத்தில் என்ன போட்டார்கள்? 1870-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி தின்று தீர்த்தது. ஒயின் இல்லாத பிரான்ஸ் என்பது புரட்சியைவிடப் பயங்கரமான நிலைமை. எனவே ஒரு முஸ்லிம் நாட்டின் கோதுமை வயல்களில் திராட்சை நட்டார்கள். 1930-களில் கிட்டத்தட்ட 4 லட்சம் ஹெக்டேர் திராட்சை. ஏற்றுமதி மதிப்பில் ஏறக்குறைய பாதி ஒயின். குடிக்கக் கூடாத மக்கள் வாழும் நாடு உலகத்தின் மிகப் பெரிய ஒயின் ஏற்றுமதி நாடாக உயர்ந்தது. இந்த அடர்த்தியான சிவப்பு ஒயின் பிரான்சுக்குப் போய் அங்குள்ள சோனி ஒயின்களோடு கலந்து அவற்றுக்கு நிறமும் தெம்பும் கொடுத்தது. தெற்குப் பிரான்சின் தோட்டக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். ஆனால் சுங்கம் விதிக்க வழியில்லை. அல்ஜீரியாதான் பிரான்ஸ் ஆயிற்றே! ஆக, பறித்தவனுக்கும் மிதித்தவனுக்கும் கிடைக்காத குடியுரிமை பீப்பாய்க்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் பிரான்சுக்கே கடனுக்குக் கோதுமை போட்ட ஊரில், பஞ்ச வருடங்களில் ஜனங்கள் புல்லும் வேரும் தோண்டித் தின்றார்கள்.

1930-இல் நூற்றாண்டு விழா. 1830-ஆம் வருடச் சீருடையில் சிப்பாய்கள் அணிவகுத்தார்கள். ஜனாதிபதி துமேர்க் நேரில் வந்து மகிழ்ந்தார். அடி வாங்கியவர்களையும் கைதட்ட அழைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் மேடைக்கு வருகிறார் ஃபெர்ஹத் அப்பாஸ். செத்தீஃப் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அரபியைவிடப் பிரெஞ்சு சரளம். கோட்டு, சூட்டு, வால்டேர், ரூசோ எல்லாம் உண்டு. பிரான்ஸ் தன் பாடப்புத்தகத்தில் எப்படிப்பட்ட அல்ஜீரியன் வேண்டும் என்று கனவு கண்டதோ, அச்சு அசல் அவரேதான். 1936-இல் தன் பத்திரிகையில் எழுதினார்: பிரான்ஸ் என்பது நான்தான், அல்ஜீரிய தேசம் என்ற ஒன்றை வரலாற்றில் தேடினேன், உயிரோடு இருப்பவர்களையும் செத்தவர்களையும் கேட்டேன், கல்லறைகளுக்குக்கூடப் போய்ப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று. சுடுகாடுவரை போய்ச் சான்றிதழ் வாங்கி வந்த இப்படி ஒரு விசுவாசி எந்தச் சாம்ராஜ்யத்துக்குக் கிடைப்பான்?

அதே வருடம் பிரதமர் பிளம், அவருடைய மந்திரி வியொலெத் இருவரும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். படித்தவர்கள், பதக்கம் வாங்கிய சிப்பாய்கள் என்று சுமார் 21,000 பேருக்கு, மதச் சட்டத்தைக் கைவிடாமலே குடியுரிமை. அறுபது லட்சத்தில் 21,000! இவர்கள் ஒரு தாய்நாடு கேட்கிறார்கள், நாம் கொடுக்காவிட்டால் தாங்களாகவே ஒன்றை உண்டாக்கிக்கொள்வார்கள் என்று வியொலெத் முன்பே எச்சரித்திருந்தார். அவர் அல்ஜீரியாவில் கவர்னராக இருந்து அடிபட்டவர். குடியேறிகள் அவருக்கு ‘அரபி வியொலெத்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது ஐரோப்பிய மேயர்கள் கூட்டம் போட்டு, மசோதா வந்தால் கூண்டோடு ராஜினாமா என்றார்கள். பாரிஸ் பயந்துவிட்டது. மசோதா விவாதத்துக்கே வரவில்லை. எட்டு வருடம் கழித்து, 1944-இல், டிகால் ஏறக்குறைய அதையே சில மாற்றங்களோடு கொடுத்தார். அதற்குள் அப்பாஸ் 1943-இல் அல்ஜீரிய மக்களின் அறிக்கையை எழுதி, தனி அரசியல் சட்டம் கேட்டுவிட்டார். கல்லறையில் கிடைக்காத தேசம் ஏழே வருடத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தது. அவர் தேடியது தப்பான இடம் என்பதல்ல, நிராகரிப்புக்கு அப்படி ஒரு சக்தி.

1945 மே 8. ஜெர்மனி சரணடைந்த நாள். செத்தீஃபில் சந்தை நாளும்கூட. பிரான்சுக்காக இத்தாலியிலும் அல்சாஸிலும் சண்டை போட்ட ஊர்க்காரர்கள், விடுதலை எல்லோருக்கும்தான் என்று நம்பி ஊர்வலம் போனார்கள். ஒரு சாரணப் பையன் பிடித்திருந்த அல்ஜீரியக் கொடியை இறக்கச் சொன்ன போலீஸ் சுட்டது. கூட்டம் வெறிகொண்டு சுற்றுவட்டாரத்தில் சுமார் 100 ஐரோப்பியரைக் கொன்றது. பதிலுக்குத் தரைப்படை, விமானம், கடலிலிருந்து பீரங்கி, கெல்மா ஊரில் குடியேறிகளின் ஆயுதக் குழு எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் பழிதீர்த்தன. செத்தவர்கள் 1,500-க்குக் குறைவு என்றது அரசு. 45,000 என்கிறது அல்ஜீரியா. பல வரலாற்றாசிரியர்கள் ஆயிரங்களில், சிலர் பத்தாயிரங்களில் சொல்கிறார்கள். ஊர்வலத்தில் போன பள்ளிக்கூடப் பையன் ஒருவனைச் சிறையில் போட்டார்கள். கதேப் யாசின் என்ற பெயரில் அவன் பின்னாளில் பெரிய எழுத்தாளன் ஆனான்.

அப்பாஸ் அன்று எங்கே இருந்தார்? அல்ஜியர்ஸில், கவர்னர் ஜெனரல் மாளிகையின் காத்திருப்பு அறையில். பிரான்சின் வெற்றிக்கு வாழ்த்துச் சொல்லப் போயிருந்தார். அங்கேயே வைத்துக் கைது செய்தார்கள்.

அடக்குமுறையை நடத்திய ஜெனரல் துவால் மேலிடத்துக்கு எழுதினார்: உங்களுக்குப் பத்து வருட அமைதி வாங்கித் தந்திருக்கிறேன்; அதற்குள் நிலைமையை மாற்றாவிட்டால் மறுபடி வரும், இன்னும் மோசமாக வரும். முதல் பாதியைப் படித்துவிட்டுக் கோப்பை மூடினார்கள். துவால் கணக்கும் ஆறு மாதம் பிசகிவிட்டது. ஒன்பதரை வருடம்தான் கிடைத்தது.

அந்த ஒன்பதரை வருடத்தில் நடந்த சீர்திருத்தம் இது: 1947-இல் அல்ஜீரியாவுக்கு ஒரு சட்டசபை. மொத்தம் 120 இடம். ஐரோப்பியர் சுமார் 10 லட்சம் பேருக்கு 60. முஸ்லிம்கள் சுமார் 80 லட்சம் பேருக்கு 60. எட்டும் ஒன்றும் சமம் என்ற இந்த வாய்ப்பாட்டைச் செயல்படுத்த வந்தவர் நேஜலேன், அதற்கு முன் பிரான்சின் கல்வி அமைச்சர். சோஷலிஸ்ட் வேறு. 1948 ஏப்ரல் தேர்தலில் அந்த 60 இடத்தையும் அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. தேசியவாத வேட்பாளர்களில் பாதிக்கு மேல் ஓட்டுக்கு முன்பே சிறையில். சில ஊர்களில் வாக்குச்சாவடி திறக்கும்போதே பெட்டி நிறைந்திருந்தது. மெஸ்ஸாலி ஹாஜ் கட்சிக்கு 9, அப்பாஸ் கட்சிக்கு 8. மிச்சம் பெரும்பாலும் நிர்வாகத்தின் ஆமாம்சாமிகள். தில்லுமுல்லு எவ்வளவு பச்சையாக இருந்ததென்றால், பிரான்சிலேயே கள்ள ஓட்டுக்கு ‘அல்ஜீரியத் தேர்தல்’ என்ற சொல்வழக்கு வந்துவிட்டது.

பெட்டியில் ஓட்டுப் போட்டுப் பயனில்லை என்று தெரிந்தவர்கள் வேறு பெட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அகமது பென் பெல்லா, மோன்ட்டே காசினோவில் பிரான்சுக்காகச் சண்டையிட்டு, டிகால் கையால் பதக்கம் வாங்கியவர். ஊர் திரும்பி உள்ளூர்த் தேர்தல் அரசியலும் பார்த்தார். 1949-இல் ஓரான் தலைமைத் தபால் நிலையத்திலிருந்து 30 லட்சம் பிராங்க்குக்கு மேல் கொள்ளை போனதற்குப் பின்னால் இருந்ததும் அவரே. பிடிபட்டார், 1952-இல் பிளீதா சிறைக் கம்பியை அறுத்துத் தப்பினார்.

1954 மேயில் தியென் பியென் ஃபூ விழுந்தது. வெல்லவே முடியாத பிரெஞ்சுப் படை வியட்நாமில் கைதூக்கியதை, அந்தப் படையிலேயே இருந்த அல்ஜீரியச் சிப்பாய்கள் கிட்ட நின்று பார்த்தார்கள். இந்த நேரத்தில் அல்ஜீரியத் தேசியவாதிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெஸ்ஸாலிதான் தலைவர் என்றது ஒரு கோஷ்டி, அவருடைய கட்சியின் மத்தியக் கமிட்டிதான் தலைமை என்றது இன்னொன்று. தனித்தனி மாநாடு, தெருவில் தடியடி. இரண்டையும் சேர்க்கப் போன முகமது பூதியாஃப் உதை வாங்கினார். சேர்க்க முடியாது என்று தெரிந்ததும் மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினார். யுத்தம் ஆரம்பித்தால் இந்தச் சண்டை நிற்கும் என்பதும் யுத்தத்துக்கு ஒரு காரணம். புத்தகங்கள் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடு ஓரமாகச் சொல்கின்றன. எனக்கு இது பெரிய காரணமாகவே படுகிறது.

அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை, உலகத்தின் பெரிய சாம்ராஜ்யங்களில் ஒன்றை எதிர்க்கப்போகும் ஆறு பேர் அல்ஜியர்ஸில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய், கல்யாணக் கோஷ்டி மாதிரி இரண்டு வரிசையாக நின்றும் உட்கார்ந்தும் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைமறைவு வாழ்க்கையின் விதிகளில் இது எத்தனையாவது விதி என்று தெரியவில்லை. போர்ப் பிரகடனம் கபீலியாவில் இகில் இமூலா என்ற மலைக் கிராமத்தில் ரோனியோவில் ஓடியது. மிஷின் சத்தம் வெளியே கேட்காமலிருக்க, பக்கத்தில் பரிசுச் சீட்டுக் குலுக்கல் வைத்துக் கூட்டம் சேர்த்தார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். நவம்பர் 1 பிறக்கும் நள்ளிரவில் நாடெங்கும் பல இடங்களில் தாக்கினார்கள். துப்பாக்கி போதவில்லை, பல குண்டுகள் வெடிக்கவில்லை. பத்துப் பேருக்குள் இறந்தார்கள்.

அன்று காலை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அதே நவம்பர் 1, அதே பிரதமர் மாந்தெஸ் பிரான்ஸ். இரண்டு வாரம் முன்பு கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியா என்றார்கள். கணக்குத் தீர்ந்தது, ஒருவர் ரத்தமும் அன்று சிந்தவில்லை. அல்ஜீரியாவில் அந்தப் பெருந்தன்மை வராததற்கு ஒரே காரணம், அங்கே 10 லட்சம் ஐரோப்பியர் இருந்தார்கள், அவர்களுக்குப் பாரிஸில் மந்திரிசபையைக் கவிழ்க்கும் எம்.பி.க்கள் இருந்தார்கள். மூன்று மாதத்தில் கான்ஸ்டன்டைன் எம்.பி. ரெனே மேயர் முன்னின்று மாந்தெஸ் பிரான்சையே கவிழ்த்துக் காட்டினார். இத்தனைக்கும் அந்தப் பிரதமர் அல்ஜீரியா பிரான்சிலிருந்து பிரிக்க முடியாதது என்று சபையில் அடித்துச் சொன்னவர். அவருடைய மந்திரி மித்தெரானும் அதையே சொன்னார். அவர் வெளியுறவு மந்திரி அல்ல, உள்துறை மந்திரி என்பதைக் கவனிக்க வேண்டும்.

உள்துறை என்பதால் போலீஸ் உடனே களத்தில் இறங்கியது. ஆனால் இந்தப் புதுக் கோஷ்டி யாரென்று அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. தெரிந்த பெயர்ப் பட்டியல் மெஸ்ஸாலியின் பழைய கட்சியுடையது. எனவே நவம்பர் 5-இல் அந்தக் கட்சியைத் தடை செய்து நூற்றுக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் பலர், ஆயுதம் தூக்க இன்னும் நேரம் வரவில்லை என்று புதுக் கோஷ்டியோடு சண்டை போட்டவர்கள். மத்தியக் கமிட்டிக்காரரான பென்யூசுஃப் பென்கெத்தாவும் அப்படித்தான் உள்ளே போனார். 1955-இல் வெளியே வந்ததும் நேராகப் போராளிகளோடு சேர்ந்தார். அடுத்த வருடம் அப்பாஸும் கெய்ரோ போய்ச் சேர்ந்தார். 1958-இல் சுதந்திர அல்ஜீரியாவின் தற்காலிக அரசுக்கு முதல் தலைவர் ஆனார். 1961-இல் அவரை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பென்கெத்தா. அவரும் மருந்தியல் படித்தவர்தான்.